விழுங்கும் கவளமும் ஓர் அமானிதமே

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். சாந்தியும் அருளும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

 

தாம்பரத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஒரு ரமளான் முழுவதும் இஃப்தாரில் நோன்புக் கஞ்சியை மட்டுமே அருந்தினார். வடையையோ சமோசாவையோ தொடவில்லை. பேணுதல் மிக்கவர் என்றே நாம் எண்ணினோம். பெருநாளன்று உணவின் முன் அமர்ந்தவர், முதல் கவளத்திலேயே எழுந்துவிட்டார். மூன்று மாதங்களாகச் சோறு நெஞ்சில் நின்றுவிடுவதாகவும், மருத்துவரிடம் சென்றால் நோன்பை விடச் சொல்வாரோ என அஞ்சி மறைத்ததாகவும் பிறகுதான் கூறினார். உணவுக்குழாயில் புற்று, அதுவும் முற்றிய நிலை. அடுத்த ரமளானில் அவர் நம்மிடையே இல்லை.

சகோதரர்களே! நாம் உண்ணும் ஒரு கவளம் எவ்வழியே செல்கிறது என்பதைச் சற்றுச் சிந்தியுங்கள்.

வாயில் பற்கள் அரைக்க, உமிழ்நீர் அதனைக் குழைக்கிறது. சோற்றிலுள்ள மாவுப்பொருளின் செரிமானம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. விழுங்கும் நொடியில் குரல்வளை மூடி மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. பின்னர் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், தசைகளை அலையலையாகச் சுருக்கிச் சில நொடிகளில் கவளத்தை இரைப்பைக்குள் சேர்க்கிறது. அதன் அடிவாயிலில் உள்ள தசைவளையம் கவளத்திற்கு வழிவிட்டு மீண்டும் இறுகிக்கொள்கிறது.

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளைக் கொல்லும் வலிமை கொண்டது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி அதன் உட்சுவரில் சளிப்படலம் ஒன்றை இறைவன் போர்த்தியிருக்கிறான். அடுத்து வருவது முன்சிறுகுடல். பன்னிரண்டு விரல் அகல நீளம் என்பதால் அரபு மருத்துவ நூல்களில் அது ‘இஸ்னா அஷரீ’, அதாவது பன்னிரண்டு எனும் எண்ணால் குறிக்கப்படுகிறது. பித்தநீரும் கணையநீரும் அங்கு வந்து கலந்து அமிலத்தைத் தணிக்கின்றன.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இரைப்பை அளவுக்கு மீறி நிரம்பினால் அந்தத் தசைவளையம் தளர்ந்து, அமிலம் மேலே ஏறி நெஞ்சைக் கரிக்கிறது. ஸஹர் உண்டவுடன் படுத்துக்கொள்பவரும், நள்ளிரவில் ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளில் பிரியாணி உண்டு வந்து உறங்கும் இளைஞரும் இதை நன்கு அறிவர்.

வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி எனும் கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இரைப்பைப் புற்றுக்கும் அக்கிருமி ஒரு காரணம். உரிய மருந்தால் அதை ஒழிக்க முடியும். மருத்துவர் சொல்லாமல் நாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் இரைப்பையைப் புண்ணாக்குபவையே.

அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு 1982 முதல் சென்னைவாசிகளின் புற்றுநோய் விவரங்களைத் திரட்டி வருகிறது. ஆண்களைத் தாக்கும் புற்றுகளில் இரைப்பைப் புற்று அதில் முன்வரிசையில் இடம்பெற்று வந்துள்ளது. வாய், உணவுக்குழாய், இரைப்பை ஆகிய மூன்றுக்குமே புகையிலை பகையாகும்.

ஆகவே குடும்பத்தார்களே! உங்கள் வீட்டில் ஒருவர் சோற்றை விட்டுக் கஞ்சிக்கும், கஞ்சியை விட்டுத் தண்ணீருக்கும் மாறுகிறாரா என்று கவனியுங்கள். விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், கருநிற மலம், இரத்த வாந்தி, ஆறாத வாய்ப்புண் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், ‘வாயுத் தொல்லைதான்’ என்று நாட்களைக் கடத்தாதீர்கள். இரத்த வாந்தி என்றால் அந்த நேரமே மருத்துவமனைக்கு விரையுங்கள். எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நோயாளி நோன்பைப் பிற்படுத்தவும், மீளாத நோயுற்றவர் பரிகாரம் அளிக்கவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. அப்பெரியவரிடம் இதை முன்னரே எடுத்துச் சொல்லாதது இந்த மிம்பரில் நிற்கும் என் குறை. அது இனியும் தொடரலாகாது என்பதற்காகவே இன்று இதைப் பேசினேன்.

உடல் நமக்குச் சொந்தமன்று, அது அமானிதம். அதைப் பேணி உரியவனிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.