விடுமுறை வீட்டில் ஓர் உறங்காத காவலன்

விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு வெளியூர் சென்று, சில நாட்களுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தித் தங்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பெருகியிருக்கிறது. நம் நாட்டிலும் நுவரெலியா, பண்டாரவளை முதலிய குளிர்ப் பிரதேசங்களில் அவ்வாறான வீடுகள் பல உள. அத்தகைய வீட்டை அமர்த்துவோர் எவற்றை விசாரிக்கின்றனர்? படுக்கை தூய்மையானதா, குழாயில் வெந்நீர் வருமா, சமைப்பதற்கு வசதி உண்டா, சாளரத்தைத் திறந்தால் மலை தெரியுமா என்பனவற்றையே. அவ்வீட்டில் எங்கெங்கே நெருப்பு எரிகிறது, அதன் புகை எவ்வழியே வெளியேறுகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்வி உயிரோடு தொடர்புடையது என்பதைக் கூறுவதே எனது இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

விறகு, கரி, மண்ணெண்ணெய், பெற்றோல், சமையல் வாயு ஆகிய எரிபொருள்கள் அனைத்திலும் காபன் உண்டு. அவை எரியும்பொழுது போதிய ஒட்சிசன் கிடைக்குமாயின் காபனீரொட்சைட்டு உண்டாகும். ஒட்சிசன் போதாதவிடத்து எரிதல் அரைகுறையாகிக் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கும். இதற்கு நிறமில்லை; மணமில்லை; சுவையில்லை. கண்ணை எரிப்பதுமில்லை, இருமலை எழுப்புவதுமில்லை. இயற்கை நமக்கு அளித்த ஐம்புலன்களுள் ஒன்றுக்கேனும் எட்டாத பகை இது.

இவ்வாயு உடலில் என்ன செய்கிறது? நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் பொருள். அப்பொருள் ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு காபனோரொட்சைட்டைப் பிணைத்துக்கொள்கிறது. பேருந்தின் ஆசனங்களையெல்லாம் முன்னரே பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும் பிரயாணிகளைப் போல, இவ்வாயு குருதியில் இடம்பிடித்துவிடுகிறது. ஒட்சிசன் வெளியே நிற்கிறது. மூச்சு நடந்துகொண்டேயிருக்க, மூளையும் இருதயமும் பட்டினி கிடக்கின்றன.

முதலில் தலை வலிக்கும், தலை சுற்றும், வயிறு குமட்டும், உடல் சோரும். தம் வீட்டிலிருப்பவர் இவற்றைக் கண்டால் ஏனென்று சிந்திக்கக்கூடும். பிரயாணம் செய்து வந்தவரோ, வளைவும் நெளிவுமான மலைப்பாதையையும், பழக்கமில்லாத உணவையும், மாறிய தண்ணீரையும் காரணமாகக் கொள்வார். சற்றுப் படுத்தெழுந்தால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். எந்த அறையை விட்டு வெளியேறவேண்டுமோ அந்த அறையையே தஞ்சமாகக் கொள்கிறார்! உறங்கியவரை இவ்வாயு எழுப்புவதில்லை. உறக்கத்தை மேலும் ஆழமாக்கி விடுகிறது.

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கிரேக்க நாட்டின் கோர்புத் தீவில் நிகழ்ந்த ஒரு துயரத்தை ஈண்டு குறிப்பிட வேண்டும். விடுமுறையைக் கழிக்க இங்கிலாந்திலிருந்து ஒரு குடும்பம் அங்கே சென்று, விடுதியொன்றைச் சேர்ந்த சிறு வீட்டில் தங்கியது. ஏழு வயதுச் சிறுமியும் ஆறு வயதுச் சிறுவனுமாகிய உடன்பிறப்புகள் இருவர் அவ்வீட்டில் உயிர் நீத்தனர். உடனிருந்த பெரியோர் இருவரும் நினைவிழந்த நிலையில் மீட்கப்பட்டனர். வீட்டையொட்டிய புறக்கட்டடத்தில் இருந்த, பழுதுற்ற வெந்நீர்க் கொதிகலனே காரணமென்று பின்னர் தெரியவந்தது. கொதிகலன் வீட்டினுள்ளே இருக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சுவரில் குழாய்களுக்காக இடப்பட்ட துளைவழியே நச்சுவாயு படுக்கையறையை அடைந்தது. அக்குழந்தைகள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றே 2015இல் இங்கிலாந்தில் நடைபெற்ற மரண விசாரணை முடிவு கூறிற்று.

தம் சொந்த வீட்டில் வாழ்பவருக்கு அவ்வீட்டின் குணங்குற்றங்கள் தெரியும். எந்த அடுப்பு புகைக்கும், எந்தச் சாளரம் திறவாது என்று அவர் பழகி அறிந்திருக்கிறார். வாடகை வீட்டில் நிலைமை வேறு. வீட்டை அறிந்த உரிமையாளர் அங்கே உறங்குவதில்லை. அங்கே உறங்கும் விருந்தினர் வீட்டை அறிவதில்லை. ஆகவே, உறங்காமல் விழித்திருந்து விருந்தினருக்காகக் காற்றை அறிந்து சொல்ல ஒரு காவலன் வேண்டும்.

இக்காவலனின் வரலாறு சுவையானது. நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் மாண்டோர் பலர் காபனோரொட்சைட்டினாலேயே மாண்டனர் என்பதை 1890களில் ஆராய்ந்து கூறியவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் பிரித்தானிய உடலியல் அறிஞர். இந்த நஞ்சைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் அதன் விளைவுகளைக் குறித்துக்கொண்டவர் அவர். சிற்றுயிர்கள் மனிதரினும் விரைவாக மயங்குமாதலால், அவற்றைச் சுரங்கத்துக்குள் கொண்டு செல்லலாம் என்றார். அதன் பயனாகவே கனரி என்னும் சிறு மஞ்சட்குருவி கூண்டோடு சுரங்கம் புகுந்தது. குருவி சாய்ந்தால் மனிதர் வெளியேறினர். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986இலேயே அக்குருவிகளின் இடத்தை மின்கருவிகள் பெறலாயின.

இன்று வீடுகளில் பொருத்தப்படும் உணர்கருவி உள்ளங்கையில் அடங்கக்கூடியது. இதனுள்ளே ஓர் இரசாயனக் கலம் உண்டு. காபனோரொட்சைட்டு அதனை அடைந்ததும் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதன் அளவைக்கொண்டு கருவி ஒலியெழுப்பும். ஐரோப்பிய நியமப்படி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் கருவி அலறவேண்டும். நஞ்சு மிகுந்தால் அவகாசம் குறையும் என்பதே இதன் தத்துவம்.

இங்கே மூன்று ஐயங்களைத் தெளிவாக்குதல் நன்று. முதலாவது, புகையை அறிவிக்கும் கருவி காபனோரொட்சைட்டை அறிவிக்காது, இரண்டும் வெவ்வேறு. இரண்டாவது, கசியும் சமையல் வாயுவை அறியும் கருவியும் வேறானதே. நாம் சிலிண்டர்களில் வாங்கும் திரவப் பெற்றோலிய வாயு காற்றினும் பாரமானது, தரையோடு தவழ்வது. ஆதலால் அதற்குரிய கருவியைத் தரைக்கு அண்மையில் வைக்கவேண்டும். காபனோரொட்சைட்டோ காற்றோடு ஏறத்தாழச் சம பாரமுடையது, அறையெங்கும் கலப்பது. அதற்குரிய கருவியைப் படுக்கையறையில், சுவாசிக்கும் உயரத்தையொட்டி, திரைக்கும் அலுமாரிக்கும் பின்னே மறையாதபடி வைத்தல் வேண்டும். மூன்றாவது, இக்கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. அவை காலாவதியாகும் ஆண்டு அவற்றின்மீதே குறிக்கப்பட்டிருக்கும். அக்காலம் கடந்த கருவி, குருவி இறந்துபோன கூண்டுக்கு ஒப்பானது.

சமையல் வாயுவைப் பற்றி நம் நாட்டினருக்கு மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் நிகழ்ந்த வெடிப்புகள் இன்னும் நம் நினைவில் உள்ளன. அவ்வாயுவுக்கு மணமூட்டப்பட்டிருப்பதால் மூக்காவது நமக்குத் துணை நிற்கிறது. காபனோரொட்சைட்டுக்கு அத்துணையும் இல்லை.

மலைநாட்டுக் குளிரில் கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுசென்று வைப்பாரும் உளர். தணலான கரியில் புகை அதிகம் எழாததால், அது தீங்கற்றது என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் மூடிய அறையில் கரித்தணல் போன்ற ஆபத்து வேறில்லை. மின்சாரம் தடைப்படும்பொழுது மின்பிறப்பாக்கியை முன்விறாந்தையில் வைத்து இயக்குவதும் அத்தகையதே. கருவி இருக்கிறதே என்று இவற்றைச் செய்தல், காவற்காரன் இருக்கிறான் என்று கள்வனை வீட்டுக்கு அழைப்பது போலாகும்.

கருவி ஒலித்தால் காரணத்தைத் தேடி அலையவேண்டாம். யாவரையும் எழுப்பி உடனே வெளியேறுங்கள். வெளியே வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் காவுவண்டியை அழையுங்கள். சாதாரண காற்றில் குருதியிலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் செல்லும். வைத்தியசாலையில் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குறையும். ஆகவே, சற்றுத் தெளிந்ததும் மருத்துவம் வேண்டாமென்று இருந்துவிடுதல் தகாது. கசிந்த வாயு மணந்தாலோ, மின்விசையைத் தொடாமலும் தீக்குச்சி கிழிக்காமலும் கதவுகளைத் திறந்து வெளியேற வேண்டும்.

ஸ்கொத்லாந்தில் குறுகியகால வாடகை வீடுகளுக்கு 2022இல் வந்த அனுமதிப்பத்திர விதிகள் இவ்வகைக் கருவியை உரிமையாளரின் கடமைகளுள் ஒன்றாக்கியுள்ளன. சட்டம் வந்த பின்னரே செய்வோம் என்று நம் வீட்டுடைமையாளர் காத்திருக்க வேண்டுமா? வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. விருந்தினருக்கு இலை போடுவதும் பாய் விரிப்பதும் மட்டும் விருந்தோம்பல் அன்று. விரித்த பாயில் உறங்கியவர் காலையில் எழுவதற்கு வேண்டியதைச் செய்வதும் அதன் பாற்பட்டதே.

பாடசாலை அதிபர் என்ற முறையில் ஒரு வார்த்தை. கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், ஓரிரவின் உறக்கத்தை நம்மை நம்பி ஒப்படைக்கின்றனர். தங்குமிடத்தை ஒழுங்குசெய்யும் ஆசிரியர்கள், வாடகையைப் பேசும் அதே மூச்சில், “வெந்நீர் எதனால் சூடாகிறது? புகை எங்கே போகிறது? உணர்கருவி உண்டா? அதன் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கிறதா?” என்று கேட்கவேண்டும். இல்லையென்றால், மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியொன்றைப் பயணப்பெட்டியில் கொண்டு செல்லலாம். கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. உறங்கும் பிள்ளை தானாகக் கேட்க முடியாத கேள்வியை, விழித்திருக்கும் நாமே கேட்டாக வேண்டும்.