கணக்கைக் கதையாகக் கேளுங்கள்



"இவனுக்குக் கணக்கு மண்டையில ஏறவே ஏறாதுங்க ஐயா" என்று பெற்றோர் பலர் எங்களிடம் சொல்வதுண்டு. பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் அதைக் கேட்கிறான். நாளடைவில் அதையே நம்பியும் விடுகிறான். பிறகு, தெரிந்த விடையைச் சொல்லக்கூட வகுப்பில் கை தூக்குவதில்லை.

அவனுக்கு உண்மையில் எது வரவில்லை? ஒரு கணக்கைப் பார்ப்போம். காலையில் 48 செம்பனைக் குலைகள் வெட்டினார்கள். பிற்பகலில் 27 குலைகள் வெட்டினார்கள். அவற்றுள் 60 குலைகளை லாரியில் ஏற்றினார்கள். மீதம் எத்தனை?

பிள்ளை மூன்று எண்களையும் கூட்டி 135 என்று எழுதுகிறான். கூட்டலில் பிழையே இல்லை. கணக்குச் சொல்லும் செய்தியை விட்டுவிட்டு, எண்களை மட்டும் பிடித்துக்கொண்டான். அச்சமும் அவசரமும் செய்யும் வேலை இது.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இதற்கு நான்கு படிகளைக் கூறினார். கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழியைத் திட்டமிடுதல், அவ்வழியே செய்தல், விடையைத் திரும்பிப் பார்த்தல் என்பனவே அவை.

வீட்டில் இதற்குத் துணைசெய்ய நீங்கள் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்டால் போதும். "என்ன நடந்துச்சு, கதையாச் சொல்லு" என்று முதலில் கேளுங்கள். "எதைக் கண்டுபிடிக்கணும்? எப்படிச் செய்யப் போற?" என்று அடுத்துக் கேளுங்கள். அவன் திகைத்தால் எண்களைச் சிறிதாக்குங்கள். காலையில் 5, பிற்பகலில் 3, ஏற்றியது 6. ரப்பர் கொட்டைகளை வைத்து அவனே எடுத்துப் பார்க்கட்டும். மீதம் 2 என்று கண்டதும், பெரிய எண்களுக்கும் அதே வழிதான் என்பது விளங்கிவிடும். 48உம் 27உம் 75. அதில் 60 போக 15.

இறுதியில், "இந்த விடை பொருந்துமா?" என்று கேளுங்கள். வெட்டியதே 75 குலைகள் என்றால், மீதம் 135 எப்படி இருக்கும்? இதை அவனே கண்டுபிடித்துச் சிரிக்கட்டும். தன் பிழையைத் தானே திருத்திய பிள்ளைக்கு அடுத்த கணக்கைத் தொடத் துணிவு வரும்.

விடை தவறினாலும், எதுவரை சரியாகச் செய்தான் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். நாளுக்கு ஒரு கணக்குப் போதும்.

பள்ளியில் நாங்கள் வழிகாட்டுகிறோம். வீட்டில் நீங்கள் பொறுமையோடு கேளுங்கள். "ஏறாது" என்ற சொல்லை மட்டும் இன்றோடு விட்டுவிடுவோம்.