களிமண்ணும் மறைக்கல்வியும்



படைப்பின் வரலாற்றைக் கேள்வி-பதிலாக மனப்பாடம் செய்வித்தால் போதாதா என்று சிலர் எங்களைக் கேட்டீர்கள். உரோமையில் 1954-ல் சோபியா கவல்லெத்தி அம்மையார் மொந்தெசோரி வழியில் சிறுவருக்கு மறைக்கல்வி தரத் தொடங்கினார். பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்தால் உள்ளம் தானே விழிக்கும் என்பது அவ்வழி. அதையே நாங்கள் சிறு அளவில் செய்து வருகிறோம்.

கதவடைத்த அறையில் அகல் ஏற்றுகிறோம். அது முதல் நாள். நான்காம் நாளுக்குக் காகிதக் கதிரவனை ஒட்டும்போதுதான், “அப்படியானால் முதல் நாள் வெளிச்சம் ஏது?” என்ற கேள்வி பிறக்கிறது. நல்ல கேள்வி! ஞாயிற்றையும் திங்களையும் தெய்வமென வணங்கிய மக்கள் சூழ்ந்திருந்த காலத்தில், அவையும் இறைவன் ஏற்றிய விளக்குகளே என்று தொடக்க நூல் அறிவித்தது. ஒளியின் ஊற்று அவரே. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது புரிகிறது; நமக்குத்தான் நேரமாகிறது.

பிறகு, இரண்டாம் அதிகாரத்தில் உள்ளபடி, களிமண்ணில் மனிதனைச் செய்கிறார்கள். மூக்கில் ஊதியும் பார்க்கிறார்கள். பொம்மை அசைவதில்லை. வகுப்பில் சற்று நேரம் பேச்சே இராது. அந்த அமைதியை மனப்பாடம் எங்களுக்குத் தந்ததில்லை.

காய்ந்த பொம்மையைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்தால், குப்பையென்று எறிந்துவிடாமல், திருப்படத்தருகே சில நாள் இடம் கொடுங்கள்.