ஒருமுறைக் காமிராவும் பலமுறைக் காமிராவும்



ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில், பாட்டியையும் சித்தப்பாவையும் குழந்தைகள் பெரும்பாலும் சுவரில் மாட்டிய படங்களிலேயே அறிகிறார்கள். ஆதலின் படம் பிடிக்கும் கருவியைப் பற்றி இன்று சிறிது கணக்குப் பார்ப்போம்.

கைப்பேசி வந்தபின் பிலிம் காமிரா மறைந்துவிட்டதென்றே எண்ணியிருந்தோம். ஆனால் இளைஞர்கள் அதனை மீண்டும் நாடுகிறார்கள். கும்பகோணத்தில் அன்னையாரின் 75-ஆம் ஆண்டு நிறைவுக்குத் தில்லியிலிருந்து புறப்பட்டபோது, எங்கள் மகள் ஒருமுறைக் காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டாள். 1986-இல் ஜப்பானில் பூஜி நிறுவனம் வெளியிட்டுப் பெயர் பெற்ற வகை அது. பிளாஸ்டிக் கூடு; நகராத வில்லை; உள்ளே 27 படங்களுக்கான சுருள். சுருள் முடிந்ததும் கருவியையே கழுவக் கொடுத்துவிட வேண்டும்.

இதனை 'எறியும் காமிரா' என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. (தொழிற் பழக்கம், நேயர்கள் பொறுத்தருள்க!) வெளிநாடுகளில் பெரிய நிறுவனங்கள் அக்கூடுகளைக் கழுவுமிடங்களிலிருந்து திரும்பப் பெற்று, உறுப்புகளை மீண்டும் பயன்படுத்தின. அமெரிக்காவில் 1888-இல் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் காமிராவையும் இவ்வாறே முழுதாக அனுப்பினார்கள். 100 படங்கள் முடிந்தபின் 10 டாலர் செலுத்தினால், படங்களோடு புதுச் சுருளிட்ட கருவியும் வீடு திரும்பும்!

கணக்குக்கு வருவோம். நாங்கள் கொடுத்த விலை 1,800 ரூபாய், கழுவ 400. ஒரு படத்துக்கு 81 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சுருள் மாற்றும் எளிய காமிரா அதே கடையில் 3,000 ரூபாய். 36 படச் சுருள் 1,000. கழுவ அதே 400. இரண்டு சுருளுக்கு, கருவியின் விலையும் சேர்த்து, 5,800 ரூபாய். 72 படங்களுக்கு வகுத்தால் 80 ரூபாய் சொச்சம். மூன்றாம் சுருள் முதல் ஒரு படத்துக்கு 39 ரூபாய்தான். ஆண்டுக்கு ஒரு சுருளேனும் எடுக்கும் குடும்பத்துக்கு எது சிக்கனம் என்பது வெளிப்படை. கடற்கரைக்கோ மழையிலோ ஒருநாள் கொண்டுபோவதற்கு மட்டும் ஒருமுறைக் காமிரா ஏற்றது, கெட்டாலும் கவலையில்லை.

ஆனால் விலையில் அடங்காத கணக்கொன்றும் உண்டு. அக்கருவியில் பொத்தானை அழுத்திச் சிறு விளக்கு எரியும்வரை பொறுத்தாலொழிய மின்னொளி பாயாது. பாய்ந்தாலும் ஏறத்தாழ 10 அடிக்கு மேல் எட்டாது. இதனை நாங்கள் அறியவில்லை; அட்டையில் அச்சிட்டிருந்ததைப் படிக்கவுமில்லை. கூடத்தில் எடுத்த 11 படங்களும் இருண்டுபோயின. பேத்தியை அருகில் அமர்த்திக்கொண்டு அன்னையார் சிரித்த படமும் அவற்றுள் ஒன்று. அடுத்த தை மாதம் அன்னையார் காலமானார். பிழை எங்களுடையதே. எனினும், பழகிய கருவியாயின் அதன் குணம் கைக்குத் தெரிந்திருக்கும். அன்று வாங்கி அன்றே திருப்பித் தரும் கருவியிடம் பழகுவதற்கு நேரம் ஏது?

தந்தையார் 1970-களில் தில்லிக்கு வந்த புதிதில் வாங்கிய ஆக்பா கிளிக் காமிரா ஒன்று பெட்டியில் இருந்தது. சுருளுக்கு 12 படங்களே பிடிக்கும். அதில் அவர் எடுத்த அன்னையாரின் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தெளிவாக இருக்கிறது. அக்கருவிக்குரிய 120 அளவுச் சுருள் இப்போதும் கிடைக்கிறது. துடைத்து மகளிடம் கொடுத்தோம். முதற் சுருள் கழுவப் போயிருக்கிறது.