நடையும் நிலையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் செய்யுள் நடை, உரைநடை பற்றிப் பேசுதல் மரபு. இன்று யாம் பேச விழைவதோ நம் குழந்தைகள் நடக்கும் நடையைப் பற்றி. அதிலும், மதியிறுக்கம் என்று தமிழில் வழங்கும் ஆட்டிச நிலையுடைய பிள்ளைகளின் நடையைப் பற்றி.

நாம் நாள்தோறும் கடக்கும் ஹவுராப் பாலம் 1943-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்க நாட்டு மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிச நிலைக்குத் தனி இலக்கணம் வகுத்து எழுதினார். அவர்களுட் சிலரது நடை செம்மையின்றி இருந்ததனையும், விரல்களின் நுண்ணிய வேலையில் அவர்கள் தேர்ந்திருந்ததனையும் அன்றே அவர் குறித்தார். எனினும் நெடுங்காலம் உலகத்தார் அப்பிள்ளைகளின் பேச்சையும் பழக்கத்தையும் கவனித்த அளவுக்கு நடையைக் கவனித்தாரில்லை.

நிமிர்ந்து நிற்றல் எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் அதற்கு மூவர் துணை வேண்டும். கண் ஒன்று, உட்செவியில் அமைந்த சமநிலை உறுப்பு மற்றொன்று, கை கால்கள் எங்குள்ளன என்பதைத் தசையும் மூட்டும் அறிவிக்கும் உணர்வு மூன்றாவது. இம்மூன்றும் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்தே அடியெடுத்து வைக்கச் செய்கின்றது. ஆட்டிச நிலையுடையோர் பலரிடத்து இச்சேர்க்கை வேறு வகையாக நிகழ்கின்றது. அதனால் சிலர் பாதங்களை அகல வைத்து நடப்பர். சிலர் குதிகால் நிலத்திற் படாது விரல் நுனியில் நடப்பர். சிலர் ஓரடி விரைந்தும் ஓரடி தயங்கியும் செல்வர். எல்லாரும் இவ்வாறு என்பதில்லை. துள்ளியோடி மரமேறும் பிள்ளைகளும் உளர்.

வங்கக் குடும்பத்திற் பிறந்த எழுத்தாளர் டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய தாமே ஆட்டிச நிலையுடையவர். தம் உடல் சிதறிக் கிடப்பதுபோல் இளமையில் உணர்ந்ததையும், சுழன்று சுழன்றே அதனை ஒன்றாகத் திரட்ட முயன்றதையும் அவர் எழுதியுள்ளார். பிள்ளை கைகளை உதறுவதும் சுற்றிச் சுழல்வதும் வீண் சேட்டை என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இனி நம் ஊர் நிலையைப் பாருங்கள். பெரிய வண்டிகள் செல்லுங்கால் பாலம் காலடியில் அதிர்கின்றது. படகுத்துறையின் மிதவை நீரோடு அசைகின்றது. ரயில் நிலையத்திலோ நாற்புறமும் கூட்டம் நெருக்குகின்றது. அங்கெல்லாம் பிள்ளை அசையாது நின்றுவிட்டால், அது பிடிவாதம் அன்று. காலுக்கு நிலம் உறுதிப்படவில்லை என்பதே பொருள். “ஒழுங்காய் நட” என்று அதட்டுவதால் நடை திருந்தாது, அச்சமே மிகும். கையைப் பற்றி இழுக்காமல், கைப்பிடிச் சுவரின் ஓரமாய் நிறுத்தி, சற்றுப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் அடுத்த அடி தானே எழும்.

பயிற்சிக்கு வேண்டுவன நம் வீட்டிலேயே உள்ளன. ஊஞ்சல் உட்செவிக்குப் பயிற்சி. பாண்டியும் நொண்டியும் ஒற்றைக்கால் நிலைக்குப் பயிற்சி. கும்மியும் கோலாட்டமும் தாளத்தோடு அடிவைக்கப் பயிற்சி. தரையில் இட்ட கோலக் கோட்டின் மேல் நடப்பதும், கடைப்பை சுமந்து வருவதும் நல்லனவே. நாளும் சிறிது நேரம், பிள்ளை விரும்பும் அளவே போதும். தலைசுற்றினாலோ மனம் ஒவ்வாவிட்டாலோ நிறுத்திவிடல் வேண்டும். ஞாயிறு காலையில் சிப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். புல்லும் மண்ணும் வேரும் காலுக்கு வெவ்வேறு பாடம் சொல்லும். அங்குள்ள பேராலமரத்தின் நோயுற்ற நடுமரம் 1925-இல் அகற்றப்பட்டது. விழுதுகளை ஊன்றி அம்மரம் இன்றும் தழைத்து நிற்கின்றது. நிற்பதற்கு ஒரே வழிதான் உண்டென்று இயற்கை விதிக்கவில்லை.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. நுனிக்கால் நடை நீடித்தால் கெண்டைக்கால் தசை இறுகிவிடக் கூடும். நன்றாய் நடந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினாலோ, ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தாலோ, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் கடமை. ஏனைய தடுமாற்றங்களுக்கு பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி நிபுணர்கள் வழிகாட்டுவர். இப்பயிற்சிகள் ஆட்டிசத்தை மாற்றும் மருந்தல்ல. பிறரைப்போல் நடக்கச் செய்வதும் நம் நோக்கமன்று. விழாமல், வலியின்றி, விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையே நாம் வேண்டுவது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம் பெற்றுள்ளது. ஆனால் சட்டம் தரும் உரிமையைச் சுற்றத்தார் மறுத்துவிட்டால் என் செய்வது?

பிறர் பார்வைக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் இருத்திவிட்டு விழாவுக்கு வரும் தாய்மார் எந்தக் காலனியிலும் இருக்கக்கூடும். வராமலே நின்றுவிடுவோரும் உண்டு. நடக்க இடமின்றி அறைக்குள்ளே வளரும் பிள்ளைக்கு, இருந்த நடையும் தளர்ந்து போகும். ஆகவே சங்கத்தாரை ஒன்று வேண்டுகின்றோம். அடுத்த விழாவில் வாயிலருகே சில இருக்கைகளை இக்குடும்பங்களுக்கென ஒதுக்குங்கள். பந்திக்கு நெருக்கடியின்றி முன்னரே அழையுங்கள். கும்மி வட்டத்தில் அப்பிள்ளைக்கும் ஓரிடம் விடுங்கள். அடி தவறினால் சிரியாதீர்கள்.

வெகு தொலைவிலிருந்து வந்து இம்மண்ணில் கால் ஊன்றியவர்கள் நாம். ஊன்றும் வரை பட்ட பாடு நமக்குத் தெரியும். அப்பிள்ளைகளுக்கும் கால் ஊன்ற இடமும் காலமும் தருவோமாக.