எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தோமா?

(சமுதாய இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

   

இந்த மேடையில் இடஒதுக்கீடு பற்றிப் பேசியிருக்கிறோம். வக்ஃபு சொத்துக்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று நான் பேசப் போவது பத்து ரூபாய் குளிர்பானத்தைப் பற்றி. "ஒரு அரசியல் மேடையில் இதைப் போய்ப் பேசுவதா?" என்று சிலர் நினைக்கலாம். கேட்டு முடித்த பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நானும் ஒரு கடைக்காரன்தான். முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் நாலு வயதுப் பேரனைப் பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். முன்பற்கள் கறுத்துச் சொத்தையாகி, இரவெல்லாம் பிள்ளை அழுகிறான். மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இனிப்பான எதையாவது ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிக்கிறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சகோதரர்களே! என் கடையில் எந்தப் பெட்டியில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பேரன் எத்தனை தடவை குடிக்கிறான் என்பது எனக்குத் தெரியவில்லை!

வீட்டுக்கு வந்து எண்ணினோம். காலையில் சத்து மாவு என்று பெயர் போட்ட டப்பாவிலிருந்து ஒரு கரண்டி, அதற்கு மேல் இரண்டு கரண்டி சீனி போட்ட பால். பத்து மணிக்குப் பெரியவர்களோடு தேநீர். மதியம் ஒரு மாம்பழ பானம். மாலையில் என் கடைக்கு வந்தால் என் கையாலேயே ஒரு குளிர்பானம். இரவு தூங்கும்போது புட்டியில் சீனி கரைத்த பால். ஆக, ஐந்து தடவை! இதில் யாரும் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாமே பாசம்தான். ஆனால் ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

குளிர்பானப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருப்பார்கள். வழக்கமான கோலா பானங்களில் அது 10 கிராமை ஒட்டி இருக்கும். அப்படியானால் 200 மில்லி பாட்டிலில் 20 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் நான்கு கரண்டி! ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு கரண்டி சீனியைக் கொட்டிப் பிள்ளைக்குக் கொடுப்போமா? பெற்ற தாய் பதறிப் போவாள். ஆனால் குளிரவைத்து, நிறம் சேர்த்து, காற்றடைத்துக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் மொத்த சக்தியில், இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்றது. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,350 கலோரி தேவை. அதில் 5 சதவீதம் என்பது 17 கிராம் சர்க்கரை. ஒரே ஒரு சின்ன பாட்டில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது பாட்டில் 10 சதவீத எல்லையையும் தாண்டிவிடுகிறது. 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கோ சர்க்கரை சேர்த்த பானமே கூடாது என்று 2023-ல் அதே நிறுவனம் அறிவித்துவிட்டது.

பல்லுக்கு அளவைப் போலவே தடவையும் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் பல்லின் மேலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சரிசெய்ய அரை மணி நேரம் போல ஆகிறது. அதற்குள் அடுத்த மிடறு வந்தால்? பல்லுக்கு ஓய்வே இல்லை. இரவில் வாயில் புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு உமிழ்நீரும் குறைவு. என் பேரனின் பல் போனது இப்படித்தான்.

ஆயிரம் நாட்களின் பாடம்

பல் போனால் வேறு பல் முளைக்கும் என்று சமாதானம் சொல்லலாம். சர்க்கரை நோய்க்கு என்ன சமாதானம் சொல்வது? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயாளிகள். இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

இதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. 1953 செப்டம்பரில் அதை நீக்கினார்கள். மக்கள் சர்க்கரை உண்பது ஏறத்தாழ இரு மடங்கானது. ரேஷன் காலத்தில் கருவில் இருந்து, இரண்டு வயது வரை அதே காலத்தில் வளர்ந்தவர்களையும், ரேஷன் நீங்கிய பிறகு கருவானவர்களையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2024-ல் சயின்ஸ் இதழில் வெளியானது. ரேஷன் காலக் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இரத்தக் கொதிப்பு வரும் அபாயம் சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தது!

கரு உருவானது முதல் இரண்டு வயது வரை ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். பாலூட்டலை முழுமையாக்க நாடும் தாய்மார்கள் இரண்டு ஆண்டுகள் பாலூட்டட்டும் என்று திருமறை (2:233) வழிகாட்டுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் தாய்ப்பாலின் இடத்தில் சீனித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தது யார்? நாம்தான்!

பெயரை மாற்றினோம், சர்க்கரையை மாற்றினோமா?

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து 2017 மார்ச் முதல் தமிழக வணிகர் அமைப்புகள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்தன. தாமிரபரணித் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள் என்ற கோபம் அதில் இருந்தது. 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவின் குழந்தைகளை நினைத்து நம்மில் பலர் அந்தப் பானங்களைத் தொடுவதில்லை. அந்த உணர்வை மதிக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

ஆனால் என்ன செய்தோம்? அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் உள்ளூர்ப் பாட்டிலை வைத்தோம். முதலாளி மாறினான். சர்க்கரை மாறவில்லை. வலீமா விருந்தில் பிரியாணிக்குப் பக்கத்தில் பாட்டில் நிற்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் வாப்பாவின் பெட்டியில் ஆரஞ்சுப் பொடி டப்பா இருக்கிறது. அந்த வளைகுடாவிலேயே சவூதி அரசு 2017-ல் குளிர்பானங்களுக்கு 50 சதவீத வரி போட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

மருந்துக்கடைச் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்றெழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு விற்கப்பட்ட சில பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. இவ்வளவு சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். மருந்து என்று நம்பி வாங்கிய தாயின் கதி என்ன? ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே வைத்து விற்ற வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நமக்குத் தெரியும். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்பது அண்ணலாரின் எச்சரிக்கை. சர்க்கரையை அடியில் மறைத்து, பழத்தின் படத்தையும் மருந்தின் பெயரையும் மேலே வைத்து விற்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

"நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான்" என்பீர்கள். உண்மை. நானும் இருபது வருடம் அதையேதான் சொன்னேன். அதனால்தான் ஒரு கடையாக அல்ல, தெருவாக முடிவெடுப்போம் என்கிறேன். பள்ளிக்கூட வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும், சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ல் வெளியான விதியே இருக்கிறது. மக்தப் வாசலுக்கு அந்த விதியை நாமே போட்டுக்கொள்வோமே! துணைக்கு ஆள் இல்லாமல் வரும் சின்னப் பிள்ளையிடம் குளிர்பானம் கொடுப்பதில்லை. மோர், சுண்டல், வாழைப்பழம் முன்வரிசையில் இருக்கும் என்று முடிவெடுப்போம். கம்பெனிக்காரன் ஃபிரிட்ஜ் கொடுத்தான் என்பதற்காக நம் தெருப் பிள்ளைகளை அவனிடம் ஒப்படைக்க முடியுமா? என் கடையில் இதைச் செய்து எட்டு மாதம் ஆகிறது. வருமானம் கொஞ்சம் குறைந்தது, மறைக்கவில்லை. பரக்கத் குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

இளைஞர்களுக்கு மூன்று வேலைகள்

ஒன்று: ஒவ்வொரு மஹல்லாவிலும் வீடு வீடாக ஒரே கேள்வி கேளுங்கள். "உங்கள் பிள்ளை நேற்று எத்தனை தடவை இனிப்புப் பானம் குடித்தது?" உபதேசம் வேண்டாம். எண்ணத் தொடங்கினால் போதும், மீதியைத் தாய்மார்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு: பள்ளிவாசலிலும் மக்தபிலும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுத்தமான குடிநீர் வையுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத இடத்தில்தான் பாட்டில் விற்கிறது. ரமளானில் இஃப்தாருக்கு நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், தண்ணீர், பழம் போதும். சிவப்பு சர்பத் அண்டாவைச் சுற்றிப் பிள்ளைகள் நாலைந்து தடவை வரிசையில் நிற்பதை இந்த வருடமே நிறுத்துவோம்.

மூன்று: அரசிடம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் காற்றடைத்த பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். காற்றடைக்காத பழச்சாறு பானங்களுக்கோ 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். காற்றுக்கு வரி, சர்க்கரைக்குச் சலுகையா? பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை அளவைப் பார்த்து வரி போட்டார்கள். கம்பெனிகள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்தன. அதுபோன்ற வரியும், பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எச்சரிக்கையும் நம் உரிமைக் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும்.

ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி மறுமையில் கேட்கப்படுவோம் என்பது நபிமொழியின் கருத்து. அந்த மருத்துவரின் முன்னால் எனக்குப் பதில் இல்லாமல் போனது. படைத்தவனின் முன்னால் அந்த நிலை வர வேண்டாம். இன்றிரவே வீட்டுக்குப் போய் எண்ணத் தொடங்குங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.