ஒரு கப்பலுக்கு ஒரே காற்று

இன்றைய மன்றத்தின் தலைப்பு சற்று வித்தியாசமானது. கடலை வீட்டுக்குள் கொண்டு வருவது எப்படி என்பதுதான் அது.

பலர் வீட்டில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வரவேற்பறையில், கண்ணாடி அலமாரிக்கு மேலே ஒரு பாய்மரக் கப்பல் நிற்கும். அப்பாவோ தாத்தாவோ பணி ஓய்வுக்குப் பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக ஒட்டி, நூலால் கயிறு கட்டிச் செய்த கப்பலாக இருக்கும். இரண்டு மரத் தாங்கிகள். முன்னால் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. வருகிற விருந்தினர்கள் “ரொம்ப அழகா இருக்கே” என்பார்கள். அதோடு சரி. இரண்டாவது கேள்வி வராது. நாளடைவில் தூசி படியும். நூல் ஒன்று அறும். வீடு மாறும்போது கப்பல் பெட்டிக்குள் போகும். பல கப்பல்கள் அந்தப் பெட்டியிலிருந்து மறுபடி வெளியே வருவதே இல்லை.

குறை கப்பலில் இல்லை. கப்பலுக்குக் கடல் இல்லை, அதுதான் குறை. தாங்கியில் நிற்கும் கப்பல் தன் பெயரைச் சொல்லும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தக் காற்றில் போகிறது என்று சொல்லாது. மலாக்காவுக்குப் போனவர்கள் ஆற்றங்கரையில் ‘ஃபுளோர் டி லா மார்’ என்ற போர்த்துகீசியக் கப்பலின் மாதிரியைப் பார்த்திருப்பீர்கள். கடல்சார் அருங்காட்சியகமாக இருக்கும் பெரிய கப்பல் அது. அசல் கப்பல் 1511இல் மலாக்காவிலிருந்து புறப்பட்டு, சுமத்ரா கரையோரம் மூழ்கியது. மாதிரியோ தரையில் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் உருவம் தெரிகிறது. அதை விழுங்கிய கடலை நாம்தான் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய காலத்து மாலுமிகளுக்கு இந்தக் குறை தெரிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க மாலுமிகள் ஓய்வு நேரத்தில் தங்கள் கப்பலையே சிறியதாகச் செதுக்கினார்கள். அதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சன்னல் கண்ணாடி ஒட்டப் பயன்படும் புட்டியைப் பூசி, அலை அலையாகக் கீறி, நீல வண்ணம் அடித்தார்கள். பாய்களை மரத்திலேயே செதுக்கியதும் உண்டு. விலை உயர்ந்த பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

அதே வேலையை இன்று வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு கப்பலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாதிரிக் கப்பல் செய்பவர்களிடையே பிரபலமான ‘கட்டி சார்க்’ அது. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் கட்டப்பட்டு, 1869ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி வெள்ளோட்டம் விடப்பட்டது. சீனத் தேயிலையை லண்டனுக்கு விரைவாகக் கொண்டுபோகக் கட்டிய கப்பல். உடலின் நீளம் சுமார் 65 மீட்டர், மூன்று பாய்மரங்கள், 32 பாய்கள். மணிக்கு பதினேழரைக் கடல் மைல் வரை ஓடியது. விதியைப் பாருங்கள், வெள்ளோட்டத்துக்கு ஐந்தே நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. தேயிலை வாணிபம் மெல்ல மெல்ல அவற்றின் கைக்குப் போய்விட்டது.

இந்தக் கப்பலை 96இல் ஒரு பங்கு அளவில் செய்தால் உடல் மட்டும் 67 சென்டிமீட்டர் வரும். ஒரு சாப்பாட்டு மேசையின் அகலம். இதற்குக் கடல் செய்யப் போகிறோம் என்றால் முதலில் ஒரு கடினமான முடிவை எடுக்க வேண்டும். கடலில் மிதக்கும் கப்பலின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால், பாடுபட்டுச் செய்த அடிப்பகுதியை ரம்பத்தால் அறுத்து எறிவதா? சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். அறுத்த பிறகு வருத்தப்பட்டு ஒட்ட முடியாது.

இது சின்ன விஷயமல்ல. கட்டி சார்க் வேகமாக ஓடியதற்குக் காரணம் அந்த அடிப்பகுதியின் வடிவம். முன்னால் கத்தி போல் ஒடுங்கி, பின்னால் நீர் வழுவழுவென்று பிரிந்து போகும் உடல் அது. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த உலோகத் தகடு போர்த்தப்பட்டது. கடலில் வைத்தால் கப்பலுக்கு உயிர் வரும். ஆனால் கப்பலின் ரகசியம் மறைந்துவிடும்.

இதே சிக்கல் அசல் கப்பலுக்கும் வந்தது. கட்டி சார்க் 1954 முதல் லண்டன் கிரீனிச்சில் ஓர் உலர்துறையில் நிற்கிறது. 2007 மே 21ஆம் தேதி அதில் பெரிய தீ விபத்து. நல்ல வேளையாக, பாய்மரங்களும் பலகைகளில் பெரும்பகுதியும் பழுது பார்ப்பதற்காக முன்பே கழற்றி வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2012 ஏப்ரலில் கப்பல் மீண்டும் திறக்கப்பட்டபோது, அதை மூன்று மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். நீர்மட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கப்பலைச் சுற்றிக் கண்ணாடிக் கூரை ஒன்றைக் கடல் போல் அமைத்தார்கள். உள்ளே போனால் கப்பலின் அடியிலேயே நடந்து, பொன்னிறத் தகடுகளை அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் வெளியே நிற்பவர்களுக்குக் கப்பலின் அழகிய கீழ்வடிவம் மறைந்துவிட்டது என்று கட்டடக் கலை விமர்சகர்கள் கோபப்பட்டார்கள். அந்த ஆண்டு பிரிட்டனின் மோசமான கட்டடத்துக்கென்று ஒரு பத்திரிகை கொடுக்கும் பரிசு அதற்குத்தான் கிடைத்தது! கோடிக்கணக்கில் செலவழித்தவர்களே இரண்டையும் முழுமையாகக் காட்டத் திணறினார்கள் என்றால், சாப்பாட்டு மேசையில் வேலை செய்பவர் தயங்குவது நியாயம்தானே?

ஆனால் வீட்டுக் கப்பலுக்கு ஒரு வசதி உண்டு. அதைக் கையால் தூக்கலாம். ஆகவே அறுக்க வேண்டாம். கப்பலைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தேவையான உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, கப்பலைச் சுற்றி நகர்த்தினால் நீர்மட்டக் கோடு கிடைக்கும். அந்த வடிவத்தை அடர்த்தியான நுரைப் பலகையில் வரைந்து, சற்றுப் பெரிதாகக் குடைந்தெடுங்கள். சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கப்பலின் அடியில் சுற்றி, பள்ளத்தில் இறக்குங்கள். இடைவெளியைப் பசை கலந்த சாந்தால் நிரப்புங்கள். காய்ந்ததும் கப்பலை மேலே எடுத்துவிடலாம். நீர்மட்டத்துக்குக் கீழே உடல் ஒடுங்கிக்கொண்டே போவதால் சிக்காது. இனி பேரப்பிள்ளைக்கு அடிப்பகுதியைக் காட்ட வேண்டுமா? கடலிலிருந்து தூக்கிக் காட்டுங்கள். மறுபடி மிதக்க விடுங்கள்.

அடுத்தது காற்று. பெரும்பாலான வீட்டுக் கடல்கள் தோற்றுப்போவது இங்கேதான். பாய்கள் பின்காற்றில் முன்னோக்கிப் புடைத்திருக்கும். கொடியோ பின்னோக்கிப் பறக்கும். மோட்டார் படகில் கொடி பின்னால் பறப்பதைப் பார்த்துப் பழகிய கண் செய்யும் தவறு இது. பாய்மரக் கப்பலைத் தள்ளுவதே காற்றுதான். பின்னாலிருந்து வரும் காற்றில் கொடியும் முன்னோக்கித்தான் பறக்கும். காற்று பக்கவாட்டில் வந்தால் கப்பல் எதிர்ப்பக்கம் சாயும்; குறுக்குமரங்கள் திரும்பியிருக்கும்; அலைகளும் நுரையும் அதே காற்றின் திசையில் ஓடும். ஒரு கப்பலுக்கு ஒரே காற்று. பாய், கொடி, சாய்வு, அலை நான்கும் அந்த ஒரே காற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். பார்ப்பவருக்குக் கப்பல் சாத்திரம் தெரியாவிட்டாலும், ஏதோ இடிக்கிறது என்று கண் சொல்லிவிடும்.

அலையின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. 1805இல் பிரான்சிஸ் பியூஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காற்றுக்கு அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதில் ஆறாம் எண் காற்று மணிக்கு 22 முதல் 27 கடல் மைல் வேகம். திறந்த கடலில் அலை சுமார் மூன்று மீட்டர் எழும். 96இல் ஒரு பங்கில் அது மூன்றே சென்டிமீட்டர்! ஆர்வத்தில் பத்து சென்டிமீட்டர் அலை செய்தால், கப்பல் பத்து மீட்டர் அலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் 32 பாய்களையும் விரித்து வைக்கும் கப்பல் தலைவர் உலகத்தில் இல்லை.

ஆகவே கடல் செய்வதற்கு முன் கப்பலின் வாழ்க்கையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டி சார்க்குக்கு அப்படிப்பட்ட நாள்கள் உண்டு. 1872இல் ஷாங்காயிலிருந்து ‘தெர்மோபிலே’ என்ற கப்பலோடு போட்டி போட்டு ஓடியபோது, முந்திக்கொண்டிருந்த கட்டி சார்க் புயலில் சுக்கானை இழந்தது. நடுக்கடலில், ஆடும் தளத்தில், மாலுமிகள் புதுச் சுக்கான் செய்து பொருத்தினார்கள். லண்டனுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் வந்தார்கள். ஆனால் இன்றுவரை பேசப்படுவது அவர்கள் பயணம்தான். அந்த நாளுக்குச் சுருக்கிய பாய்கள், கறுத்த நீர், கிழிந்த நுரை வேண்டும்.

இன்னொரு நாள் நம் வட்டாரத்துக்கு மிக அருகில் நடந்தது. 1880இல் கப்பலின் முதல் துணை அதிகாரி, மாலுமி ஒருவரைத் தாக்கியதில் அவர் இறந்துவிட்டார். ஜாவாவின் அன்ஜெர் துறைக்கு வந்தபோது, குற்றவாளி தப்பிச் செல்லக் கப்பல் தலைவர் வாலஸ் வழிவிட்டார். மாலுமிகள் கொதித்தார்கள். கப்பல் ஜாவாக் கடலுக்குள் போனது. அங்கே காற்று நின்றுவிட்டது. நாள் கணக்கில் பாய்கள் தொங்கின. கப்பல் நகரவில்லை, மனச்சுமையும் நகரவில்லை. ஒரு நாள் வாலஸ் கடலில் குதித்து உயிர் துறந்தார். தலைவன் இல்லாத கப்பல் அன்ஜெருக்குத் திரும்பி, பிறகு சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. எழுத்தாளர் ஜோசப் கான்ராட் தம் புகழ்பெற்ற கதை ஒன்றுக்கு இந்தச் சம்பவத்திலிருந்துதான் கரு எடுத்தார்.

முதன்முதலாகக் கடல் செய்கிறவர்களுக்கு இந்த அமைதிக் கடலே ஏற்றது. உயரமில்லாத நீண்ட அலை போதும். கப்பல் நிமிர்ந்து நிற்கும். பாய்களும் கொடியும் துவண்டு தொங்கும். முன்னால் நுரை கிடையாது, பின்னால் தடம் கிடையாது. செய்வது எளிது. ஆனால் கதையைக் கேட்டுவிட்டு அந்த அசையாத நீரைப் பார்ப்பவர்களுக்கு, புயலைவிட அது கனமாகத் தெரியும்.

செய்முறையில் நம் தட்பவெப்பத்தையும் மறக்கக்கூடாது. நுரைப் பலகையின் மேல் கசக்கிய மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து ஒட்டினால் சிற்றலை கிடைக்கும். நேரடியாக ஸ்பிரே வண்ணம் அடிக்காதீர்கள், நுரை கரைந்துவிடும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் நல்லது. கடல் ஒரே நீலமல்ல; பள்ளத்தில் கருநீலம், முகட்டில் பச்சை சாயும். மேலே பளபளப்பு தரும் அக்ரிலிக் பூச்சை மெல்லியதாக, பல தடவை பூசுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் காய நாளாகும். அவசரப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடினால் உள்ளே ஆவி படிந்து பூஞ்சணம் பிடிக்கும். சில வாரம் பொறுங்கள். அடிப்பலகையின் இரு பக்கமும் வண்ணம் பூசினால் வளையாது. வெயில் நேராக விழும் சன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். தூசிக்கு மூடி கட்டாயம். கப்பல் பெட்டிக்குள் போய் மறைவதற்குப் பாதிக் காரணம் தூசிதான்.

கடைசியாகப் பித்தளைத் தகடு. அதில் கப்பலின் பெயரை மட்டும் பொறிக்காதீர்கள். ‘ஜாவாக் கடல், 1880’ என்றும் சேருங்கள். அடுத்த முறை வருகிற விருந்தினர் “அழகா இருக்கே” என்று சொல்லிவிட்டு நகர மாட்டார். “ஏன் இந்தக் கப்பல் அசையாமல் நிற்கிறது?” என்று கேட்பார். செய்தவர் இருக்கும்வரை அவர் பதில் சொல்வார். அவருக்குப் பிறகு, கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சொல்வார்கள். கதை தெரிந்த கப்பலை யாரும் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடுவதில்லை.